கிறிஸ்தியான் காதைப் பொத்திக்கொண்டு ஓடிய இடம்

பாளையங்கோட்டை

அன்புள்ள தோழிக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கோயில் அசன விருந்து வேலையில் பதில் எழுதத் தள்ளிப்போய்விட்டது. உன் முட்டுவலி இப்போது எப்படி இருக்கிறது? படி ஏறாதே என்று டாக்டர் சொன்னதை நீ கேட்டிருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். இங்கே எல்லாரும் சுகம். பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் சபைப் பெண்களோடு கடைசிக்காலத்தைப் பற்றிய ஒரு கிறிஸ்தவ நாவலை வைத்து வேதபாடம் நடத்தலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாய் நடத்து. நாங்கள் ஆறு மாதமாய் மோட்சப் பிரயாணத்தை வைத்து அப்படித்தான் நடத்துகிறோம். ஜான் பனியன் என்ற ஆங்கிலப் பிரசங்கியார் எழுதி 1678-இல் வெளிவந்த கதை. கவிஞர் கிருஷ்ணபிள்ளை அதைத் தழுவி இரட்சணிய யாத்திரிகம் என்ற காவியத்தைப் பாடியது இந்தத் திருநெல்வேலிச் சீமையில்தான் என்பதால் எங்கள் ஊருக்கு அதன்மேல் ஒரு தனி உரிமை. கதை வாசிக்கக் கால் மணி நேரம். மீதி ஒரு மணி நேரமும் வேதாகமம் மட்டும்தான் திறந்திருக்கும்.

முதல் மாதமே ஒரு சண்டை வந்தது. கதாநாயகன் கிறிஸ்தியான் மோட்சத்தைத் தேடி அழிவின் நகரத்தை விட்டு ஓடும்போது மனைவியும் பிள்ளைகளும் திரும்பி வரச்சொல்லி அழுகிறார்கள். அவனோ விரல்களால் காதைப் பொத்திக்கொண்டு, ஜீவன், ஜீவன், நித்திய ஜீவன் என்று கத்திக்கொண்டே ஓடுகிறான். வாசித்து முடித்ததும் பின்வரிசையில் இருந்த ஒரு அக்கா, "இவன் செய்தது சரியா?" என்று கேட்டாள். குடும்பத்தைத் தனியாய்ச் சுமக்கிறவள் அவள். வருஷக்கணக்காய்க் கூட்டத்துக்கு வருகிறாள், ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

பனியன் அந்த இடத்தில் ஓரக்குறிப்பாய் லூக்கா 14:26-ஐக் காட்டுகிறார். தகப்பனையும் தாயையும் மனைவியையும் பிள்ளைகளையும் வெறுக்காவிட்டால் சீஷனாயிருக்கமாட்டான் என்ற வசனம். நான் அதை வாசித்ததும் அந்த அக்கா 1 தீமோத்தேயு 5:8-ஐத் திருப்பினாள். தன் வீட்டாரை விசாரியாமற்போனவன் அவிசுவாசியிலும் கெட்டவன். இரண்டும் வேதம்தானே! அடுத்த மூன்று வாரம் நாங்கள் அந்தப் பக்கத்தைத் தாண்டவே இல்லை. மத்தேயு 10:37-இல் அதே பேச்சு "என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன்" என்று வருவதைப் பார்த்தோம். மாற்கு 7-இல் கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தாய் தகப்பனைக் கைவிடுகிறவர்களை இயேசு கண்டிப்பதைப் பார்த்தோம். நாற்பது வருஷமாய் வேதம் வாசிக்கிறேன், இந்த வசனங்களையெல்லாம் ஒன்றாய் வைத்துப் பார்த்ததே இல்லை. நேராய் லூக்கா 14-ஐ எடுத்து நடத்தியிருந்தால் எல்லாரும் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். வசனத்தோடு வழக்காட எங்களுக்குப் பயம், கதையோடு வழக்காடப் பயமில்லை. அதனால்தான் அவளுக்கு வாய் திறந்தது.

பனியனுக்கும் அது லேசான காரியமாய் இருந்திருக்காது. அனுமதியில்லாமல் பிரசங்கித்ததற்காக 1660-இல் பிடித்து பெட்போர்டு சிறையில் 12 வருஷம் வைத்திருந்தார்கள். இனி பிரசங்கிக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தால் விட்டிருப்பார்கள். வீட்டிலே மனைவி, நாலு பிள்ளைகள், மூத்தவளுக்குப் பார்வை கிடையாது. சிறைக்குள் நாடா செய்து விற்று வீட்டுக்குக் கொடுத்திருக்கிறார். அவர்களைப் பிரிந்தது எலும்பிலிருந்து சதையைப் பிய்த்தெடுத்ததுபோல் இருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். இதைச் சொன்னபோது அந்த அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனாலும் தன் கேள்வியை அவள் விடவில்லை. விடச்சொல்லி நானும் சொல்லவில்லை.

ஒரு எச்சரிப்பும் உண்டு. கதையில் வந்ததெல்லாம் வேதத்தில் இருப்பதாய்ச் சிலர் நினைத்துவிடுகிறார்கள். கிறிஸ்தியான் அப்பொல்லியோன் என்ற பிசாசோடு சண்டை போடுவது வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தலில் எந்த அதிகாரம் என்று ஒரு வாலிபப் பெண் கேட்டாள். 9:11-இல் அந்தப் பெயர் மட்டும்தான் இருக்கிறது. நீ சொன்ன கடைசிக்கால நாவலில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். கிறிஸ்துவின் எதிராளியைக் குறிக்கும் அந்திக்கிறிஸ்து என்ற சொல் வெளிப்படுத்தலில் ஓரிடத்திலும் இல்லை, யோவானின் முதல் இரண்டு நிருபங்களில்தான் இருக்கிறது. முதல் நாளே இதை அவர்களையே தேடிப் பார்க்கச் சொல். அப்புறம் ஒவ்வொரு வாரமும், "இது வசனமா, கதாசிரியர் சேர்த்ததா?" என்று அவர்களே கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அடுத்த மாதம் இரண்டாம் பாகம் தொடங்குகிறோம். 1684-இல் வந்தது. விட்டுவிட்டுப் போன அந்த மனைவியும் நாலு பையன்களும் அதே வழியில் புறப்படுகிற கதை. முதல் கூட்டத்தில் அந்த அக்காவைத்தான் வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். உன் அம்மாவின் பெட்டியில் பழைய பிரதி ஒன்று இருந்ததே, அதில் இரண்டு பாகமும் இருக்கிறதா என்று பார்த்து எழுது. இருந்தால் கொரியரில் அனுப்பு, பத்திரமாய்த் திருப்பித் தருகிறேன்.

கிறிஸ்துவின் அன்பில்,
உன் பழைய ஹாஸ்டல் தோழி