சின்னவள் கல்யாணத்துக்குப் படம் யார் எடுப்பது?

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து மேசை மேலேயே கிடக்கிறது. இன்று ஞாயிற்றுக்கிழமை, வெளியே கால் வைக்க முடியாத பனி. இனியும் தள்ளிப்போட்டால் கல்யாணமே முடிந்துவிடும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நாங்கள் நன்றாக இருக்கிறோம். அத்தானுக்கு இப்போது வீட்டில் இருக்க நிறைய நேரம் கிடைக்கிறது, அதனால் சமையலை அவரிடமே விட்டுவிட்டேன். எனக்குச் சனிக்கிழமையும் வேலை கொடுத்திருக்கிறார்கள். நல்லதுதான், பொழுது போகிறது. குளிர் இந்த வருடம் சீக்கிரமே வந்துவிட்டது. ஹீட்டரை இரவில் மட்டும்தான் போடுகிறோம். பகலிலும் போட்டால் தொண்டை வறண்டுபோகிறது என்று அம்மாவிடம் சொல்லு, போன் பண்ணும்போதெல்லாம் அதைத்தான் கேட்கிறாள்.

எதிர் வீட்டுக் கிழவரைப் பற்றி உனக்குச் சொன்னேனா? பனி கொட்டிய மறுநாள் காலையில் கையில் ஒரு மர ஸ்கேலோடு வெளியே வருவார். வாசலில் எப்போதும் ஒரே இடத்தில் அதைக் குத்தி நிறுத்தி, போனில் படம் எடுத்து, ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். என்னைப் பார்த்தால் வணக்கமெல்லாம் கிடையாது, "பதினான்கு சென்டிமீட்டர்" என்பார், அவ்வளவுதான். முதலில் பயமாக இருந்தது. இப்போது அவர் எண் சொல்லாத நாளில் ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறது.

போன வாரம் நானும் பனியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் அழுக்குச் சாம்பலாக வந்தது. கிழவர் பேசாமல் என் போனை வாங்கினார். திரையில் பனி மேல் விரலை அழுத்திப் பிடித்தார். சின்னச் சூரியன் மாதிரி ஒரு குறி வந்தது. அதை மேலே இழுத்தார், பனி வெள்ளையாகிவிட்டது. எதிரே முழுக்க வெள்ளையாக இருந்தால் வெளிச்சம் அதிகம் என்று கேமரா முடிவுகட்டி, படத்தை நடுச் சாம்பலுக்கு இறக்கிவிடுமாம். இருட்டான பின்னணி என்றால் நேர்மாறு, முகத்தை வெளுக்க வைத்துவிடும். அப்போது சூரியனைக் கீழே இழுக்க வேண்டும். மாப்பிள்ளை வெள்ளையில் நிற்கும்போது இது உனக்கு உதவும்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். போட்டோக்காரர் வேண்டாம் என்று அப்பா முடிவு செய்ததில் உனக்கு வருத்தம் என்று தெரிகிறது. அவரிடம் இனி அதைப் பற்றிப் பேசாதே. அத்தானின் பெரிய கேமராவைக் கொடுத்தனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தாய். அது ரிப்பேருக்குப் போயிருக்கிறது, கல்யாணத்துக்குள் வராது. வேண்டியதும் இல்லை. உங்கள் எல்லோர் கையிலும் இருக்கும் போனே போதும். யார் எதை எடுப்பது என்று முன்கூட்டியே பிரித்துக் கொடுப்பதுதான் முக்கியம்.

"எல்லோரிடமும் போன் இருக்கிறது, எடுத்துவிடுவார்கள்" என்று மட்டும் விட்டுவிடாதே. அப்படி விட்ட கல்யாணங்களைப் பார்த்திருக்கிறேன். பெண்ணின் முகம் நூறு படத்தில் இருக்கும், பெண்ணைப் பெற்றவர் ஒன்றில்கூட இருக்க மாட்டார். மேடையைச் சின்ன மாமா மகளிடம் கொடு. அவளுக்குப் பொறுமை உண்டு, ஓரமாக நின்றால் நின்ற இடத்தை விட்டு நகர மாட்டாள். பெரியம்மா வீட்டு இளையவனுக்கு வீடியோ மட்டும். குடும்பப் படங்கள் உன் பொறுப்பு, கூட்டத்தை அதட்டும் குரல் உனக்குத்தான் இருக்கிறது. பொடியன்கள் கையிலும் ஒரு பழைய போனைக் கொடு. அவர்கள் உயரத்திலிருந்து எடுத்தால் பெரியவர்கள் யாருக்கும் கிடைக்காத படம் நாலு கிடைக்கும்.

மேடையில் முக்கியமான நிமிடம் வரும்போது இரண்டு பக்கமும் ஆள் நிற்கட்டும். நடுவில் யாராவது எழுந்து மறைப்பார்கள், எழாமல் இருந்ததே இல்லை. விருந்தாளிகள் போனைத் தூக்கிக்கொண்டு முன்னால் வருவதையும் சித்தப்பாவை வைத்துத் தடுக்கச் சொல்லு. அவர் முறைத்தால் போதும்.

வீடியோ எடுப்பவன் போனைப் படுக்கை வாக்கில் பிடிக்க வேண்டும். பிளைட் மோடில் போட்டுவிடச் சொல்லு. நடுவில் யாராவது அழைத்தால் சில போன்களில் பதிவு நின்றுபோகும். 4கே என்ற உயர்ந்த தரத்துக்கு ஆசைப்பட்டால் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி பிடிக்கும், பழைய வகைக் கோப்பாகப் பதிந்தால் அதைப்போல் இரண்டு மடங்கு. ஒரு மணி நேரத்துக்கே 10 ஜிபி ஆகிறது. சடங்கு முழுவதையும் 1080 என்ற சாதாரணத் தரத்தில் எடுத்து, முக்கியமான நிமிடங்களை மட்டும் 4கேயில் எடுத்தால் போதும். முதல் நாள் இரவே எல்லோரும் போனைக் காலி செய்து, சார்ஜ் போட்டு, லென்ஸைத் துணியால் துடைத்து வைக்க வேண்டும். பாதிப் படங்கள் மங்கலாக வருவதற்கு விரல் பிசுக்குதான் காரணம்.

வெளிச்சம்தான் பெரிய வேலை. கல்யாணத்துக்கு முதல் நாள், அதே நேரத்துக்கு மண்டபத்துக்குப் போ. யாரையாவது மேடையில் நிறுத்திப் படம் எடுத்துப் பார். பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் கருத்துவிடும், திரையை இழுத்து மூடச் சொல்லு. வீடியோவில் கறுப்புக் கோடுகள் ஓடினால் அது விளக்கின் துடிப்பு. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். கேமராவில் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை நொடியில் 1/50 அல்லது 1/100 பங்கு என்று வைத்தால் கோடுகள் போய்விடும். நீலமும் ஊதாவும் முகத்தில் அடிக்கும் அலங்கார விளக்குகளைப் படம் எடுக்கும் நேரத்திலாவது அணைத்துவிடச் சொல்லு. அந்த நிறத்தைப் பிறகு சரிசெய்வது பெரும் கஷ்டம். அலங்காரக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

பெண்ணும் மாப்பிள்ளையும் தனியாக நிற்கும் படங்களுக்குச் சூரியன் இறங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தை ஒதுக்கு. நடுப்பகலில் எடுத்தால் கண்ணுக்குக் கீழே குழி விழுந்த மாதிரி நிழல் விழும். வேறு வழியில்லை என்றால் மர நிழலிலோ வராந்தாவிலோ நிறுத்தி, முகம் வெளிச்சத்தைப் பார்க்க வை. ஒரு தெர்மோகோல் அட்டையை இடுப்பளவில் பிடித்து முகத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பினால் போதும், செலவே இல்லை. போனில் இருக்கும் பிளாஷை மட்டும் தொடவே தொடாதே. அது சில அடிகளுக்கு மேல் போகாது, முன் வரிசை வெளுக்கும், பின் வரிசை இருட்டில் நிற்கும்.

குடும்பப் படங்களுக்கு ஒரு பட்டியல் எழுதி வை. பெரிய கூட்டத்தை முதலில் எடு, பிறகு ஆட்களைக் கழித்துக்கொண்டே வா. வயதானவர்கள் கடைசி வரை நிற்க வேண்டியதில்லை. அகலமாக எடுக்கும் 0.5 லென்ஸை விட்டுவிடு. ஓரத்தில் நிற்கும் பெரிய அத்தை அதில் இரண்டு மடங்காகத் தெரிவாள், அப்புறம் நம் வீட்டுப் பக்கமே வர மாட்டாள். பின்னால் தள்ளி நின்று 1 அல்லது 2-இல் எடு.

கண் மூடுவதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் நிக் ஸ்வென்சன், பியர்ஸ் பார்ன்ஸ் என்ற இருவர் இதை உட்கார்ந்து கணக்குப் போட்டு, 2006-இல் இக் நோபல் என்ற வேடிக்கைப் பரிசு வாங்கினார்கள். 20 பேருக்குள் நிற்கும் கூட்டம் என்றால், நல்ல வெளிச்சத்தில் ஆட்களின் எண்ணிக்கையை 3-ஆல் வகுத்து அத்தனை படம் எடுக்க வேண்டும், மங்கல் என்றால் 2-ஆல் வகுக்க வேண்டும். 15 பேருக்கு 5 படம், மங்கலில் 8. அதில் ஒன்றிலாவது எல்லோர் கண்ணும் திறந்திருக்கும். சித்தி நிற்கும் படத்துக்கு மட்டும் இரண்டு கூட எடு, அவளுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

எடுத்த படங்களை வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லு, இல்லையென்றால் எல்லோரும் போடும்படி ஒரு பொது ஆல்பம் திற. 12 மெகாபிக்சல் படம் சுருங்காமல் வந்தால் 13க்கு 10 அங்குலத்துக்கு நன்றாக அச்சுப் போடலாம். சித்தப்பா தன் பழைய கேமராவைக் கொண்டுவந்தால் அதன் கடிகாரத்தைப் போன் நேரத்துக்குச் சரிசெய்து வை. அப்போதுதான் எல்லோர் படங்களும் நேர வரிசையில் தானாக வந்து உட்காரும். அன்று இரவே எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் ஏற்றிவிடு, ஒன்று நம் வீட்டிலும் ஒன்று மாமா வீட்டிலும் இருக்கட்டும். இதெல்லாம் அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதுகிறேன். அவர் கேமராவை இப்போது வைத்திருக்கிறவர் அதில் பறவைகளாக எடுத்துத் தள்ளுகிறாராம்.

மேடையை எல்லோரும் எடுப்பார்கள். எனக்காகக் கொஞ்சம் மேடைக்கு வெளியே எடு. அப்பா நாற்காலிகளை எண்ணிக்கொண்டு நடப்பார், எப்போதும் எண்ணுவார், அதை எடு. அம்மா புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளுக்கும் வெளிக்கும் ஓடுவாள். நில்லு என்று சொன்னால் சிரித்துவிடுவாள், சொல்லாமல் எடு. பாட்டி பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள், அந்தக் கையை மட்டும் கிட்டப் போய் எடு. என் பழைய அறையில் யார் யார் படுத்திருக்கிறார்கள் என்றும் எடு. அங்கே காலையில் எந்தப் பக்கம் வெயில் விழும் என்று எனக்கு இன்னும் தெரியும். இங்கே நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது.

குடும்பப் படத்தில் எனக்கு இடம் விட்டு எடுத்தால் பிறகு கம்ப்யூட்டரில் என்னை ஒட்டிவிடலாம் என்று மாமா பையன் சொன்னதாக எழுதியிருந்தாய். வேண்டாம். எல்லோரும் நெருங்கியே நில்லுங்கள். வீடியோ காலில் என்னைக் காட்டுகிறேன் என்று யாரும் போனைத் தூக்கிக்கொண்டு அலையவும் வேண்டாம், அந்தக் கை படம் எடுக்கட்டும். லீவு கிடைக்கவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன், நீயும் அதையே சொல்லு.

அப்புறம், இந்த மாதம் பணம் வந்து சேரக் கொஞ்சம் தாமதமாகும். பேங்கில் ஏதோ மாற்றம். அப்பாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. அவருடைய கண் பரிசோதனையைக் கல்யாணத்துக்கு அப்புறம் என்று தள்ளாதே, முன்னாலேயே கூட்டிப்போ. கூட்டப் படத்தில் பெரியப்பாவையும் சித்தப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தாதே, நடுவில் பாட்டியை உட்கார வை. பாகப்பிரிவினைப் பத்திரம் இன்னும் சித்தப்பாவிடம்தான் இருக்கிறதா? அதைக் கல்யாண வீட்டில் வைத்து யாரும் கேட்க வேண்டாம். பெரியப்பாவை நேரில் போய் அழைத்தீர்களா இல்லையா என்று மட்டும் உடனே எழுது. போனில் கூப்பிட்டால் அவர் வர மாட்டார், அவர் வராவிட்டால் பெரிய அத்தையும் வர மாட்டாள்.

அன்புடன்,
அக்கா