அப்பாவைச் சாப்பிட வைத்தவர்களுக்கு

அம்மாவின் முதலாம் ஆண்டுத் திவசம் போன கிழமை முடிந்தது. 31ஆம் நாள் அந்தியேட்டியோடு எல்லா வீடுகளையும்போல நாங்களும் நன்றி நவிலல் அட்டை அடித்துக் கொடுத்தோம். செத்தவீட்டுக்கு வந்தவர்கள், மலர்வளையம் வைத்தவர்கள், வெளிநாட்டிலிருந்து அழைத்துத் துக்கம் விசாரித்தவர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். ஆனால் பெரிய கடன் அதற்குப் பிறகுதான் ஏறத் தொடங்கியது. இந்த வருடம் முழுக்க எங்கள் அப்பாவைச் சாப்பிட வைத்தவர்கள் நீங்கள். உங்களுக்குத் தனியாக எழுத வேண்டும் என்று அப்பாவே சொன்னார்.

அம்மா போனபின் அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடம் பிடிக்கவில்லை, கோபப்படவுமில்லை. கோப்பையில் சோற்றைப் போட்டுக் கொடுத்தால் பிசைவார், இரண்டு வாய் வைப்பார், "காணும் பிள்ளை" என்று எழும்பிவிடுவார். பிளேன்டியும் கிறீம் கிறக்கரும்தான் உள்ளே போயின. அவர் சீனி வருத்தக்காரர். குளிசையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சீனி ஒரேயடியாக இறங்கிவிடும் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அம்மாவின் கைச்சமையலைச் சாப்பிட்டவருக்கு என் சமையல் பிடிபடவில்லை. அதில் எனக்கு அவர்மேல் எந்தக் குறையும் இல்லை.

முதல் நன்றி ஒழுங்கை முனையில் ஓடருக்கு இடியப்பம் அவிக்கும் அக்காவுக்கு. கொழும்பு வெள்ளவத்தையில் இப்படி வீட்டிலிருந்தபடியே அவித்துக் கொடுக்கும் பெண்கள் இல்லாவிட்டால் பாதித் தொடர்மாடிகளில் இரவுச் சாப்பாடு நடக்காது. எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டாத நாட்களில் சொந்தக்காரர்கள் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். அவர்கள் ஊருக்குத் திரும்பிய பிறகும் அக்கா விடவில்லை. இரவு ஏழு மணி போல அவருடைய மகன் ஒரு பார்சலோடு வந்து நிற்பான். அப்பாவுக்கென்று குரக்கன் (கேழ்வரகு) மா கலந்து தனியாகப் பிழிந்த இடியப்பமும் சொதியும் அதில் இருக்கும்.

அந்தச் சொதியை ஒருநாள் அவருடைய குசினியில் நின்று பார்த்தேன். வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, ஒரு நுள்ளு வெந்தயம், மஞ்சள் எல்லாவற்றையும் இரண்டாம் பாலில் அவியவிட்டார். கடைசியில் முதற்பாலை விட்டு, பொங்கி வர முன்னமே இறக்கி வைத்தார். தேசிக்காயை வெட்டி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றார். "அடுப்பில இருக்கேக்க புளி விட்டா திரைஞ்சு போகும் பிள்ளை, சூடு கொஞ்சம் அடங்கட்டும்" என்றார். அந்தச் சொதியில் ஊறிய இடியப்பத்தைத்தான் அப்பா முதன்முதலாகக் கோப்பையை வழித்துச் சாப்பிட்டார். காசு கொடுக்கப் போனால் "பிறகு பார்ப்பம்" என்பார். அந்தப் "பிறகு" இன்னும் வரவில்லை, அக்கா.

அடுத்தது, நாங்கள் "நானா" (அண்ணன்) என்று கூப்பிடும் அப்பாவின் முஸ்லிம் சிநேகிதர். அப்பா புறக்கோட்டை பழைய சோனகத் தெருவில் ஒரு இரும்புக் கடையில் கணக்கெழுதிய காலத்தில் அதே கடையில் சாமான் நிறுத்துக் கொடுத்தவர். இருவரும் ஓய்வுபெற்று எவ்வளவோ காலம் ஆகியும் நானாவுக்கு அப்பா இன்னும் "கணக்கப்பிள்ளை"தான். நோன்பு தொடங்கியதும் பின்னேரம் அசர் தொழுதுவிட்டு மருதானையில் பஸ் ஏறி, கஞ்சிப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு வருவார். பள்ளியில் காய்ச்சுவது இறைச்சிக் கஞ்சி, அப்பா மாட்டிறைச்சி தொடமாட்டார் என்பதால் நானாவின் மனைவி வீட்டில் வேறாகக் காய்ச்சினார். தேங்காய்ப்பால், உள்ளி, இஞ்சி, வெந்தயம், ரம்பை, ஒரு துண்டு கறுவா. போத்தல் மூடியைத் திறந்ததும் எங்கள் சின்ன வீடு முழுக்க ரம்பை வாசம் நிறையும்.

இதை நான் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். அந்த மனுஷன் விடியப்புறத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல், அந்த நேரத்துக் காலி வீதி நெரிசலில் வந்து, கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி, அப்பாவுக்கு முன்னால் இருந்துகொண்டு, "குடிங்க கணக்கப்பிள்ளை, சூடு ஆறினா ருசி போயிரும்" என்பார். நோன்பிருக்கும் ஒருவர் முன்னால் இருந்து சொல்லும்போது வேண்டாம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அப்பா குடித்தார். குடிக்கக் குடிக்க நானா பழைய கடைக் கதைகளை எடுத்துவிடுவார். ஒருநாள் மழையில் பஸ் இல்லாமல் போய், நானா எங்கள் வீட்டிலேயே நோன்பு திறந்தார். 6.20 தாண்டி பாங்கு கேட்டது. மேசையில் பேரீச்சம்பழமும் தண்ணீரும் வைத்தோம். அன்று இருவரும் ஒரே போத்தல் கஞ்சியைப் பாதி பாதியாகக் குடித்தார்கள். இந்த வருடத்தின் சிறந்த சாப்பாடு எது என்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் அதைத்தான் சொல்வேன்.

எங்கள் வீட்டு வழக்கப்படி ஆண்டுத் திவசம் முடியும்வரை கொண்டாட்டமும் இல்லை, பலகாரச் சட்டியும் வைப்பதில்லை. அதனால் சித்திரைப் புத்தாண்டும் தீபாவளியும் வெறுமையாகப் போயிருக்க வேண்டும். போகவிடவில்லை நீங்கள். புத்தாண்டன்று மேல்மாடிச் சிங்களக் குடும்பம் கிரிபத்தும் (பாற்சோறு) லுணுமிரிஸும் (மிளகாய்ச் சம்பல்) கொக்கிஸ் பலகாரமும் தட்டில் அடுக்கி அனுப்பியது. வெசாக்குக்கு அவர்களுடைய மூத்த பெடியன் அப்பாவைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் ஒரு தன்சலில், அதுதான் இலவசமாகச் சாப்பாடு கொடுக்கும் பந்தலில், வரிசையில் நிற்கவைத்து அவித்த கடலை வாங்கிக் கொடுத்தான். அம்மாவுக்குப் பிறகு மருந்துக்கும் வங்கிக்கும் தவிர அப்பா படியிறங்கியது அன்றைக்குத்தான். தீபாவளிக்குப் பக்கத்து வீட்டு மாமி முறுக்கு தந்தார். நத்தாருக்குக் கொட்டாஞ்சேனைச் சிநேகிதி கஜு அள்ளிப் போட்ட கேக் அனுப்பினாள். எல்லோருக்கும் நன்றி.

ஆடிவேலையும் சொல்லிவிடுகிறேன். 1874 முதல் கொழும்பில் நடக்கும் விழா. செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்குத் தேர் வரும்போது அம்மாவும் அப்பாவும் காலி வீதி ஓரத்தில் நின்று பார்ப்பார்கள். இந்த முறை கோயிலுக்குப் போக முடியாத எங்களுக்கு அன்னதானச் சாப்பாட்டை வாழையிலையில் கட்டிக் கொண்டுவந்து தந்த தம்பி, உன் பெயர்கூட அப்பாவுக்குத் தெரியாது. கத்தரிக்காய்க் குழம்பு நன்றாக இருந்தது என்று இன்றைக்கும் சொல்கிறார்.

அப்புறம் சின்னம்மாவின் கூழ். ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பருத்தித்துறையிலிருந்து இரவு பஸ்ஸில் ஒடியல் மா, அதாவது காயவைத்த பனங்கிழங்கின் மா, வந்தது. சின்னம்மாவும் சித்தப்பாவும் கொட்டாஞ்சேனையிலிருந்து காலையிலேயே வந்து, வெள்ளவத்தைச் சந்தையில் நண்டும் இறாலும் ஒரு பெரிய மீன் தலையும் வாங்கினார்கள். ஒடியல் மாவுக்கு ஒரு கசப்பு உண்டு. தண்ணீரில் ஊறவிட்டு, மேலே தெளியும் தண்ணீரை ஊற்றிவிட்டுத் திரும்பவும் ஊறவிட வேண்டும். சின்னம்மா தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் அதை எடுத்தார். மரவள்ளியும் பயித்தங்காயும் பலாக்கொட்டையும் முதலில் போனது. பிறகு நண்டு, இறால், மீன் என்று மச்சம் எல்லாம், முருங்கையிலை. கடைசியில் செத்தல் மிளகாய்க் கூட்டோடு பழப்புளியில் கரைத்த மா. கூழ் தடிக்கத் தடிக்கத் துடுப்பு கனக்கும், சித்தப்பா கை மாற்றினார்.

இது இரண்டு பேருக்குக் காய்ச்சும் சாப்பாடு அல்ல. மேல்மாடியாரும் வந்தார்கள், நானாவும் வந்தார், அவருக்கு நண்டு போடாமல் ஒரு சட்டி வேறாக எடுத்து வைத்திருந்தோம். கூழ் குடிக்கும் பனையோலைப் பிளாவுக்குக் கொழும்பில் எங்கே போவது, சின்னம்மா சிரட்டைகளைச் சுரண்டிக் கழுவி ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தார். அப்பா ஒரு சிரட்டை குடித்தார். நாங்கள் எல்லோரும் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தோம். சிரட்டையைக் கீழே வைத்தார். "பலாக்கொட்டை இன்னும் அவிய வேணும். புளியும் காணாது" என்றார்.

அம்மாவின் சமையலில் தினமும் குறை சொல்லி, தினமும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடும் மனுஷன் அவர். அம்மா போனபின் எதிலும் ஒரு குறை சொன்னதில்லை. சின்னம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "வேணுமெண்டா புளி விட்டுக் குடியுங்கோ அத்தான்" என்றார் குரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. "விடு, இன்னுமொரு சிரட்டை விடு" என்றார் அப்பா. அன்றையிலிருந்து என் சமையலிலும் உப்புக் கூட, உறைப்புக் குறைய என்று தொடங்கிவிட்டார். எனக்கு அது போதும், சின்னம்மா.

இப்போது ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. ஒரு வருடமாக வந்த உங்கள் பாத்திரங்கள் குசினித் தட்டில் நிறைந்து கிடக்கின்றன. பலதை அடையாளம் கண்டுவிட்டோம். மூடியில் "ச" என்று கீறிய மூன்றடுக்குக் கரியர், நீலப்பூப் போட்ட பைரெக்ஸ் கிண்ணம், பிடி உடைந்த சின்ன எவர்சில்வர் வாளி, இந்த மூன்றும் யாருடையவை என்று தெரியவில்லை. வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. ஆண்டுத் திவசம் முடிந்துவிட்டதால் பலகாரச் சட்டி திரும்ப அடுப்பில் ஏறியிருக்கிறது. அப்பாவே முன்னுக்கு நின்று பயறு வறுப்பிக்கிறார், பயத்தம் பணியாரம் சுடுகிறோம். வரும் ஞாயிறு பின்னேரம் முழுக்க வீட்டில்தான் நிற்போம், வந்து எடுத்துக்கொண்டு போங்கள். லிப்ட் வேலை செய்யாவிட்டால் கீழே நின்று ஒரு குரல் கொடுங்கள், மகன் கொண்டுவந்து தருவான்.

அன்புடன்,
மகள், வெள்ளவத்தை