கிச்சன் விதியைத் தளர்த்த வேண்டாம்: மூத்த ஆட்டக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டையால் நெட்டுக்கு மேலே பந்தடித்து ஆடும் பிக்கிள்பாலைப் புதிதாக வருபவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் மூத்த ஆட்டக்காரர்களுக்கு,

வணக்கம்.

"விதியெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல பந்தை அடிங்க." புதியவர் கையில் பேடிலை, அதாவது மட்டையை, கொடுத்ததும் உங்களில் பலர் இப்படித்தான் சொல்கிறீர்கள். அது அக்கறையில் வரும் பேச்சு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அப்படித் தள்ளிப்போடும் விதிகளில் இரண்டு, புதியவருக்குத்தான் பாதுகாப்பு. அவற்றை விட்டுவிட்டு ஆடினால் உயரமும் வேகமும் உள்ளவர் நெட்டை ஒட்டி நின்று எல்லாப் பந்தையும் அடித்து நொறுக்கிவிடுவார். புதியவர் பந்து பொறுக்கிக்கொண்டிருப்பார்.

முதலாவது, இரண்டு பவுன்ஸ் விதி. சர்வ் வந்த பந்து தரையில் ஒருமுறை பட்ட பிறகுதான் எதிரணி அதை அடிக்கலாம். அவர்கள் திருப்பி அனுப்பியதை, சர்வ் செய்த அணியும் தரையில் படவிட்டே எடுக்க வேண்டும். அதன் பிறகுதான் பந்தைத் தரையில் படுமுன் அடிக்கும் வாலிக்கு இடம். இதனால் சர்வ் போட்டவுடன் முன்னால் பாய்ந்து ஆட்டத்தை முடித்துவிட முடியாது. இரு பக்கமும் மூச்சுவிட்டு நிலைகொள்ள நேரம் கிடைக்கிறது.

அடுத்தது கிச்சன். கோர்ட் மொத்தமே 20 அடி அகலம், 44 அடி நீளம். அதாவது பேட்மிண்டன் டபுள்ஸ் கோர்ட்டின் அளவு. அதில் நெட்டிலிருந்து இரு பக்கமும் 7 அடி வரை கிச்சன். "உள்ளே காலே வைக்கக் கூடாது" என்று சிலர் சொல்லிக்கொடுப்பதைக் கேட்டிருக்கிறேன். அது தவறு. எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம், நிற்கலாம், தரையில் பட்டு எழுந்த பந்தை அங்கிருந்தே அடிக்கலாம். அங்கே நின்று வாலி அடிப்பதற்குத்தான் தடை. கிச்சன் கோடும் கிச்சனைச் சேர்ந்ததே. ஷூ நுனி கோட்டைத் தொட்டபடி வாலி அடித்தாலும் ஃபால்ட், அதாவது விதிமீறல். வெளியே நின்று வாலி அடித்துவிட்டு, அந்த வேகத்தில் தடுமாறி உள்ளே கால் வைத்தாலும் ஃபால்ட்தான், அதற்குள் அந்தப் பந்துக்கான ஆட்டம் முடிந்திருந்தாலும்கூட. இந்தக் கடைசிப் பகுதியைத்தான் நட்பு ஆட்டங்களில் எல்லோரும் கண்டும் காணாமல் விடுகிறார்கள். ஆட்டத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். நெட் அருகே பலம் செல்லாது என்று ஆனதால்தான், பந்தை மெதுவாக எதிரணியின் கிச்சனுக்குள் இறக்கும் டிங்க் ஆட்டத்துக்கு மதிப்பு வந்தது. தாத்தாவும் பேத்தியும் ஒரே கோர்ட்டில் சமமாக நிற்க முடிவதும் அதனால்தான். 1965இல் அமெரிக்காவின் பெயின்பிரிட்ஜ் தீவில் ஜோயல் பிரிட்சர்டும் பில் பெல்லும் பிக்கிள்பாலைத் தொடங்கியதே வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஆடத்தானே.

சர்வில் புதியவரை அவ்வளவு வாட்ட வேண்டியதில்லை. பேடிலைக் கீழிருந்து மேலாக வீசி, இடுப்புக்குக் கீழே பந்தைத் தொட வேண்டும் என்பது ஒரு முறை. அது வராதவருக்கு டிராப் சர்வ் சொல்லிக்கொடுங்கள். பந்தைக் கையிலிருந்து அப்படியே நழுவவிட்டு, தரையில் பட்டு எழுந்ததும் அடிக்கலாம். இடுப்புக் கணக்கெல்லாம் அதற்கு இல்லை. எப்படிப் போட்டாலும் குறுக்கே உள்ள கட்டத்தில், கிச்சன் கோட்டைத் தாண்டி விழ வேண்டும். வாய்ப்பு ஒன்றுதான். நெட்டில் உரசிச் சரியான இடத்தில் விழுந்தால் 2021 முதல் ஆட்டம் தொடர்கிறது, மறு சர்வ் கிடையாது. பழைய பழக்கத்தில் இன்னும் "லெட்" கேட்பவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள்.

டபுள்ஸில் மூன்று எண்களாகப் புள்ளி சொல்வதைக் கேட்டாலே புதியவர்கள் மிரண்டுபோகிறார்கள். நம் புள்ளி, எதிரணிப் புள்ளி, சர்வ் செய்வது அணியின் முதல் ஆளா இரண்டாம் ஆளா, அவ்வளவுதான். முதலில் சர்வ் செய்யும் அணிக்குக் கூடுதல் சாதகம் போய்விடக் கூடாதென்று அந்த முறை மட்டும் ஒருவருக்கே சர்வ். அவரை இரண்டாம் ஆளாகக் கணக்கிட்டுத்தான் 0-0-2 என்று ஆரம்பிக்கிறோம். வழக்கமான முறையில் சர்வ் செய்யும் அணிக்கே புள்ளி. 11 எடுத்து, 2 புள்ளி முன்னிலையும் இருந்தால் வெற்றி. இதை இரண்டு ஆட்டம் ஆடினால் தானே பிடித்துக்கொள்வார்கள். நீங்கள் ஒவ்வொரு சர்வுக்கும் சத்தமாகப் புள்ளி சொன்னால் போதும்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். முதல் பந்து போடுமுன் புதியவரைக் கிச்சன் கோட்டருகே அழைத்துப்போய், அந்த இரண்டு விதிகளையும் நின்று காட்டிச் சொல்லுங்கள். ஆட்டத்தில் உங்கள் கால் கோட்டைத் தொட்டால், அவர் கவனிக்காவிட்டாலும் நீங்களே ஃபால்ட் சொல்லுங்கள். உங்கள் பக்கம் விழுந்த பந்து உள்ளேயா வெளியேயா என்று சந்தேகம் வந்தால், விதிப்படி அது உள்ளேதான். அதன் பலனை எதிரணிக்கே கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்களோடு கோர்ட்டில் நிற்கும் ஓர் ஆட்டக்காரர்