புத்தகத்தை மூடிவைத்தும் படிக்கலாம்

ஐயா,

தேர்வுக் காலத்தையொட்டி வெளியான தங்கள் தலையங்கம், பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கும்படி மாணவர்களுக்குச் சொல்கிறது. அக்கறை சரி, வழிதான் போதாது. வாசிக்க வாசிக்க வரிகள் பழகிப்போகும். பழகியதையே தெரிந்ததாக மனம் எடுத்துக்கொள்ளும். ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பலமுறை வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, வாசித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். முதல் நாள் இரவு உருப்போட்டது மறுநாள் காலை கைகொடுத்து, அப்புறம் காணாமல் போவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

நான் பல ஆண்டுகள் வகுப்பெடுத்தவன். போன வாரப் பாடத்தைப் பற்றிப் புத்தகத்தை மூடிவைத்து ஐந்து வரி எழுதச் சொன்னால் முதலில் முனகல்தான் கேட்கும். (கூடவே எழுதிய என் பேனாவும் சில நாள் நின்றதுண்டு.) ஒரு மாதம் போனதும், எந்த இடம் மறந்தது என்று அவர்களே சொல்லத் தொடங்கினார்கள். ஒவ்வொரு வகுப்பிலும் முதல் ஐந்து நிமிடத்தை இதற்கு ஒதுக்கலாம். மதிப்பெண் மட்டும் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்