கந்தளாய்க் குளக்கட்டுவரை வழிகாட்டியவர்களுக்கு நன்றி

அன்புள்ள ஊரவர்களுக்கு,

திருகோணமலையிலிருந்து கந்தளாய்க் குளத்துக்குச் சைக்கிளில் போய்வர ஒரு நல்ல பாதைக் குறிப்பு வேண்டும் என்று எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கனநாளாகப் பேசிக்கொண்டிருந்தது. இப்போது குறிப்பும் தயார். அதை வைத்து முப்பது பேரளவில் போய்ச் சுகமாகத் திரும்பியும் வந்துவிட்டோம். அந்தக் குறிப்பில் எங்கள் சொந்தச் சரக்கு மிகக் கொஞ்சம். வீதியோரம் கடை வைத்திருப்பவர்கள், வயலுக்குப் போகிறவர்கள், விடியவே பால் கொண்டு வருகிறவர்கள் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதியது அது. அவர்களிடம் நேரில் நன்றி சொல்லியாயிற்று. ஆனாலும் ஊரறியச் சொல்ல வேண்டும் என்று மனம் கேட்கிறது.

முதலில் தம்பலகாமத்து ஐயாவுக்கு. எழுபது தாண்டியவர், இன்றைக்கும் ரலி சைக்கிளில்தான் வயலுக்குப் போய்வருகிறார். எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும் என்று கேட்டபோது, "கச்சானை நினைச்சுக்கொண்டு நேரத்தைப் பாருங்கோ" என்றார். வைகாசி தொடங்கி ஆவணிவரை கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும். கந்தளாயும் எங்களுக்கு அந்தத் திசையில்தான் இருக்கிறது. விடியப்புறம் காற்று அடங்கியிருக்கும். வெயில் ஏறினால் அதுவும் எழும்பிவிடும். அதனால் இருட்டோடு ஊரிலிருந்து புறப்பட்டு, காற்று எழும்ப முன்பு குளத்தைப் பிடித்துவிட்டால், திரும்பும்போது அதே கச்சான் முதுகைத் தள்ளிக்கொண்டு வரும். கடைசிப் பத்துக் கிலோமீற்றரில் சோர்ந்துபோன பிள்ளைகளைக் கூட அந்தக் காற்று வீடு கொண்டுவந்து சேர்த்தது. நாங்கள் கைத்தொலைபேசியில் பார்த்த எந்த வரைபடத்திலும் இது இல்லை.

நெல் விடயத்தையும் சொல்லித் தந்தவர் அவர்தான். அறுவடைக் காலத்தில் வீதி ஓரத்தில் படங்கு விரித்து நெல் காயப்போட்டிருப்பார்கள். எங்களைப் போல மெல்லிய ரயரில் ஓடுகிறவர்களுக்கு வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒதுங்கிப் போவது பழக்கம். அந்த இடத்தில் நெல் கிடந்தால் மெதுவாக இறங்கி உருட்டிக்கொண்டு போங்கோ, ஒரு போக உழைப்பு அது என்றார். குறிப்பில் அந்தப் பகுதியை மஞ்சள் நிறத்தில் அடித்திருக்கிறோம்.

சரி, பாதையைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நகரத்திலிருந்து மட்கோ, ஆண்டாங்குளம், கப்பல்துறை, தம்பலகாமம் சந்தி, முள்ளிப்பொத்தானை வழியாக ஏ6 வீதியில் கந்தளாய். ஒரு பக்கம் ஏறத்தாழ 40 கிலோமீற்றர். பெரிய ஏற்றம் இல்லை. பலம் குறைந்தவர்கள் தம்பலகாமம் சந்தியால் உள்ளே திரும்பி, வயல்களுக்கு நடுவே ஆதிகோணநாயகர் கோயில்வரை போய்த் திரும்பலாம். குடும்பமாக வருகிறவர்களுக்குச் சீனக்குடா வழியாகக் கிண்ணியாப் பாலம் வரை போதும். 2009இல் அந்தப் பாலம் திறக்கப்படும்வரை அவ்விடத்தில் சைக்கிளையும் 'பாதை' என்கிற மிதவைப் படகில் ஏற்றித்தான் கடந்தோம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். குளத்தைச் சுற்றி முழு வட்டம் அடிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். மறுகரை காடு, யானை நடமாடும் இடம். வீதிச் சைக்கிளுக்கு அது வேண்டாம் என்பதே எங்கள் முடிவு.

யானை பற்றி எச்சரித்த கந்தளாய்ப் பால்காரத் தம்பிக்கும் இங்கே நன்றி. முள்ளிப்பொத்தானையைத் தாண்டமுன் நன்றாக விடிந்திருக்க வேண்டும், பின்னேரம் அந்தப் பகுதியில் நிற்கவே கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொன்னார். அவருடைய பேச்சைக் கேட்டுத்தான் புறப்படும் நேரத்தைக் கடைசியாக முடிவு செய்தோம்.

கப்பல்துறைக்கு அருகே ஒரு பிள்ளையின் பின் ரயர் கண்ணாடித் துண்டு ஏறி வெட்டுப்பட்டது. மாற்று ரியூப்பும் ஓட்டை. ஞாயிற்றுக்கிழமை, அதுவும் விடியாத நேரம். வீட்டோடு சேர்ந்த சைக்கிள் கடை ஒன்றின் தகரத்தைத் தட்டினோம். சாரத்தை மடித்துக் கட்டியபடி அந்த அண்ணன் எழுந்து வந்தார்; ஒரு முகச்சுழிப்பு இல்லை. ரியூப்பைத் தண்ணீர்ச் சட்டிக்குள் அமுக்கிக் குமிழி பார்த்தார், அரத்தாளால் தேய்த்தார், சொலூசன் பூசினார், அது காயும்வரை பொறுமையாக இருந்துதான் ஒட்டுப் போட்டார். வெட்டுப்பட்ட ரயருக்கு உள்ளே பழைய ரியூப்பில் ஒரு துண்டை அளவாக வெட்டி வைத்தார். எங்களிடம் இருந்த பம்ப் அந்த நேரம் பார்த்துச் சதி செய்தது. மெல்லிய வால்வின் தலையில் உள்ள சிறு நட்டைத் தளர்த்தி, லுமாலாச் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் தன் பம்பையே அதில் பொருத்தி அடித்துக் காட்டினார். பிடித்துக்கொண்டது! அந்த ரயர் கந்தளாய் போய் வீடும் வந்து சேர்ந்தது. காசு எடுக்கச் சொல்லி மன்றாடியும், "வரேக்க தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றார்.

முள்ளிப்பொத்தானையில் 95ஆம் மைல்கட்டைக்கு அருகே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் நானாவுக்கும் அவரது வீட்டாருக்கும் சொல்லவேண்டிய நன்றி வேறு வகையானது. எங்களோடு வந்தவர்களில் ஒன்பதோ பத்தோ பெண் பிள்ளைகள். அவர்களைத் தூரம் அனுப்பத் தாய்மார் தயங்குவதற்கு, ஓடமுடியாமல் போய்விடும் என்ற பயம் காரணமில்லை. நடுவழியில் மறைவான, சுத்தமான ஒரு கழிப்பறை கிடைக்குமா என்பதுதான் அவர்களின் முதல் கேள்வி. சைக்கிள் பாதை என்று பேசுகிற எவரும் இதை முதல் பக்கத்தில் எழுதவேண்டும் என்பது என் கருத்து. கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக் கதவைத் திறந்து, "உள்ளுக்கு வாங்க புள்ளயள்" என்று கூட்டிப்போனார் அந்த வீட்டு ராத்தா (அக்கா). புதுச் சவர்க்காரம், துவாய் எல்லாம் எடுத்து வைத்திருந்தார். வெளியே எங்களுக்குப் பிளேன்ரீயும் ரொட்டியும் கட்டைச் சம்பலும். இனி எப்போது வந்தாலும் பிள்ளைகள் அங்கே இறங்கலாம் என்று சொல்லிவிட்டார். அவர் சம்மதத்தோடுதான் அந்த இடத்தைக் குறிப்பில் சேர்த்தோம்.

குளக்கட்டில் எங்களை வரவேற்ற கந்தளாய்ப் பெரியவர் சிங்களவர். பாதி தமிழும் பாதி சிங்களமுமாகப் பேசினார். 14,000 அடி நீளம், 50 அடி உயரம் என்று அணையின் கணக்கு அவருக்கு நுனிநாக்கில். 1986 ஏப்ரல் 20 அன்று விடியமுன் கட்டு உடைந்த கதையைச் சொல்லும்போது மட்டும் குரல் தாழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள், வீடுகள், வயல்கள் எல்லாம் அந்தத் தண்ணீரோடு போயின. கட்டின் மேல் கனரக வாகனங்கள் ஓடியதும் ஒரு காரணம் என்று அப்போது பேசப்பட்டது. அடுத்த வருடம் திருத்திக் கட்டினார்கள். சைக்கிள் ஓடுவதால் கட்டுக்கு நோகாது என்று சொல்லி எங்களை நடத்திக் கூட்டிப்போய், தண்ணீர் திறந்துவிடும் துருசு எது, மிகைநீர் வழிந்தோடும் வான் எது என்று பிள்ளைகளுக்குக் காட்டினார். மின்னேரியா பக்கத்திலிருந்து வாய்க்கால் வழியாக இங்கே தண்ணீர் வந்து சேர்வதையும் விளக்கினார். இரண்டாம் அக்கபோதி மன்னன் 7ஆம் நூற்றாண்டில் கட்டிய குளம் என்றார் அவர். கோணேசர் கோயிலுக்காகக் குளக்கோட்டன் கட்டிய குளம் என்று எங்கள் பக்கத்து ஐதீகத்தைத் தம்பலகாமத்துப் பிள்ளை ஒன்று எழுந்து சொன்னது. இரண்டையும் எல்லோரும் மரநிழலில் இருந்து கேட்டோம். அப்புறம் அவர் ஒன்று சொன்னார்: திருகோணமலையில் உங்கள் வீட்டுக் குழாயில் வருவது இந்தத் தண்ணீர்தான். பிள்ளைகள் பலருக்கு அது அன்றுதான் தெரியும். அவர்கள் கட்டில் நின்று தண்ணீரைப் பார்த்த பார்வையே அதற்குப் பிறகு மாறிப்போனது. அதற்காக அந்த ஐயாவுக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

தண்ணீர்ப் போத்தல்களையும் முதலுதவிப் பெட்டியையும் சுமந்துகொண்டு கடைசிச் சைக்கிளுக்குப் பின்னாலேயே ஊர்ந்து வந்த ஓட்டோக்காரத் தம்பிக்கும், சந்தியில் லொறிகளை மறித்து எங்களைக் கடத்திவிட்ட போக்குவரத்துப் பொலிஸ்காரர்களுக்கும், ஹோர்ன் அடித்துப் பயமுறுத்தாமல் விலகிப் போன பஸ் சாரதிகளுக்கும் நன்றி. மூன்று மணிக்கே எழும்பி இடியப்பமும் சொதியும் கட்டித் தந்த அம்மாமாருக்கும், பிள்ளைகளை எங்களை நம்பி அனுப்பிய அப்பாமாருக்கும் தனியாக.

பாதைக் குறிப்பின் பிரதிகளைக் கப்பல்துறை அண்ணனின் கடையிலும் நானாவின் கடையிலும் கொடுத்து வைத்திருக்கிறோம். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். பிழை கண்டால், புதுப் பள்ளம் கண்டால், அங்கேயே பேனையால் எழுதிவைத்துவிடுங்கள். அடுத்த பிரதியில் திருத்திவிடுவோம். வாடைக்காற்றுக் காலத்துக்கு நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் ஒரு பாதை எழுதவேண்டியிருக்கிறது. சாம்பல்தீவு, இறக்கக்கண்டிப் பக்கம் விடியவே மீன்பெட்டியோடு சைக்கிள் ஓடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், எங்களுக்குச் சொல்லித் தாருங்கள்.

அன்புடன்,
திருகோணமலை ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள் கூட்டத்தின் சார்பில்