ஐந்து சாக்குக்கு நன்றி

நெல் கொள்முதல் நிலையத்துச் சுமைதூக்கும் அண்ணன்மார்களுக்கு, அவசரப் பிரிவிலிருந்து.

அடிபட்டு நிறைய ரத்தம் போன தம்பி இன்று காலை அரை டம்ளர் கஞ்சி குடித்தார். வடிகுழாயில் புது ரத்தம் இல்லை. அன்றிரவு நடந்தது ஊருக்கே தெரியும், அதைத் திரும்ப எழுதவில்லை. நீங்கள் செய்த ஒரு காரியத்தைப் பற்றி மட்டும் சொல்லியாக வேண்டும். உங்களுக்கே அது பெரிதாகப் பட்டிருக்காது.

108 வருவதற்குள் சேறும் ஈரமுமாக இருந்த கைலியையும் சட்டையையும் வெட்டி எடுத்துவிட்டீர்கள். 40 கிலோ சிப்பம் பிடிக்கிற காய்ந்த சணல் சாக்கில் இரண்டை அடியில் விரித்து, மூன்றை மேலே போர்த்தி, தலையில் துண்டைச் சுற்றினீர்கள். காயத்தில் அழுத்திய துணியை "நின்னுச்சா பாப்போம்" என்று ஒரு தடவைகூடத் தூக்கவில்லை. இங்கே வந்து சேர்ந்தபோது உடம்புச் சூடு 35.4 டிகிரி செல்சியஸ்.

தைப் பனியில் உடம்பு விறைக்க இதென்ன இமயமலையா என்று கேட்பவர்கள் உண்டு. நிறைய ரத்தம் போன உடம்பால் தேவையான சூட்டை உண்டாக்க முடியாது. இருக்கிற சூட்டையும் ஈரத்துணியும் வயல் மண்ணும் உறிஞ்சிக்கொள்ளும். 34 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ரத்தத்தை உறைய வைக்கும் நொதிகள் மந்தமாகும், காயத்தை அடைக்கும் சின்ன அணுக்களான தட்டணுக்கள் சரியாக ஒட்டாது. இதில் ஏமாந்துபோகிற இடம் ஒன்று உண்டு. ஆய்வகத்தில் உறையும் நேரத்தை இயல்பான உடம்புச் சூடான 37 டிகிரிக்குச் சூடாக்கித்தான் பார்க்கிறார்கள். ரிப்போர்ட் நன்றாகவே வரும். கட்டிலில் கிடப்பவருக்கோ ரத்தம் நிற்காது.

குளிரே இல்லாவிட்டாலும் பலத்த அடியும் ரத்த இழப்பும் சேர்ந்தால் உடம்பு தன் உறைகட்டியைத் தானே கரைக்கத் தொடங்கும். உடைப்பெடுத்த கரையில் நாம் மணல் மூட்டை அடுக்க அடுக்க, பின்னாலிருந்து ஒருவர் உருவுகிற மாதிரி. உறைகட்டிக்கு வலை பின்னுகிற புரதமான ஃபைப்ரினோஜன்தான் முதலில் தீர்ந்துபோகும். பாட்டில் பாட்டிலாக சலைன் ஏற்றினால் மிச்சமிருப்பதும் நீர்த்துவிடும். உருவுகிற கையைப் பிடிக்கத்தான் டிரானெக்சாமிக் ஆசிட் என்ற மருந்து: முதல் 1 கிராம் 10 நிமிடத்தில், அடுத்த 1 கிராம் 8 மணி நேரத்தில். அடிபட்டு 3 மணி நேரத்துக்குள் ஆரம்பித்துவிட வேண்டும், தாண்டினால் கெடுதலாகவும் முடியலாம். அடிபட்டவர்கள் 20,000 பேருக்கு மேல் சேர்ந்த கிராஷ்-2 ஆய்வு 2010இல் வெளிவந்த பிறகு இது உறுதியானது. "எட்டேகாலுக்கு அடிபட்டுச்சு, லாரி வந்து நின்ன நேரம்" என்று உங்களில் ஒருவர் சொல்லி அனுப்பியதால் நாங்கள் நேரத்தைக் கணக்குப் போட்டுத் தடுமாறவில்லை. அதற்கும் சேர்த்து நன்றி.

108 தோழர்கள், விடிய விடிய உட்கார்ந்திருந்த ரத்த வங்கி, டீ வாங்கி வந்த ஆட்டோக்கார அண்ணன், ரத்தம் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் கும்பிடு. ரத்தப் பையில் உறையாமல் இருக்கச் சேர்க்கும் சிட்ரேட் உடம்பில் இருக்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், கால்சியம் குறைந்தால் உறைதலும் கெடும். அதனால் கூடவே கால்சியமும் ஏற்றினோம். மறுநாள் வந்து "இப்ப வேண்டாம்" என்று நாங்கள் சொன்னதால் திரும்பிப் போனவர்கள் வருத்தப்படாதீர்கள். எடுத்து வைத்த தட்டணு 5 நாள்தான் தாங்கும், முறை வைத்துக் கூப்பிடுகிறோம்.

வீட்டாருக்கு ஒன்று. இப்போது தராசு மறுபக்கம் சாய்ந்திருக்கிறது. அடிபட்ட சில நாளில் ரத்தம் தேவைக்கு மேல் உறையப் பார்க்கும், கால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி சேரலாம். அதற்குத்தான் தோலுக்கடியில் தினமும் போடும், ரத்தம் உறைவதைக் குறைக்கும் எனாக்சபாரின் ஊசி. கெண்டைக்கால் வீங்கினாலோ வலித்தாலோ உடனே கூப்பிடுங்கள். பாசத்தில் எண்ணெய் போட்டு நீவிவிட மட்டும் வேண்டாம், கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடலாம்.

அண்ணன்மார்களே, எங்கள் பிரிவு வாசலில் இனிமேல் காய்ந்த போர்வை நான்கு எப்போதும் இருக்கும். சாக்கு ஐந்தும் ரத்தமாகி எரிக்கப் போய்விட்டன. கணக்கில் குறைகிறது என்று பட்டியல் எழுத்தர் கேட்டால் எங்களிடம் அனுப்புங்கள், கையெழுத்துப் போட்டுச் சீட்டு தருகிறோம்.