கையுறை வியாபாரிகள் வாங்கிய கோட்டை

அன்புப் பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். வாட்ஸப்பில் நான் அனுப்பிய முப்பத்தெட்டு போட்டோவுக்கும் சேர்த்து நீ ஒரே ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தாய். நைட் டியூட்டி முடித்துவிட்டு வந்து விழுகிறவளிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? அதனால்தான் இந்தக் கடிதம். வார்டில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் படி. அப்படி ஒரு நேரம் உண்டா என்று கேட்பாய், எனக்கும் தெரியும்.

போன சனிக்கிழமை அண்ணன் எங்களை சூட்லி கோட்டைக்குக் கூட்டிப் போனான். இங்கே இங்கிலாந்தில், செல்ட்டனத்திலிருந்து காரில் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. விஞ்ச்கோம் என்று ஒரு சின்ன ஊர், அதை ஒட்டிய பள்ளத்தாக்கில் இருக்கிறது. கோட்டை என்றதும் செஞ்சி மாதிரி மலையேறச் சொல்வார்களோ என்று பயந்து, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு கிளம்பினேன். போய்ப் பார்த்தால் சமதரை. புல்வெளி நடுவே கடலைமாவு நிறத்தில் கல் கட்டடம். இந்தப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் எல்லாமே அந்த நிறம்தானாம்.

இது அரசாங்கத்துக் கோட்டை இல்லை, ஒரு குடும்பத்தின் சொந்த வீடு. ஒரு பகுதியில் அவர்கள் குடியிருக்கிறார்கள், ஒரு பகுதி இடிந்து கிடக்கிறது, நாம் டிக்கெட் எடுத்துச் சுற்றிப் பார்க்கலாம். டிக்கெட் விலையை ரூபாயாக்கிப் பார்க்கக் கூடாது என்று அண்ணி வாசலிலேயே சத்தியம் வாங்கிவிட்டாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது அந்தக் குடித்தனம்தான். இந்தப் பக்கம் கூரையில்லாத மண்டபம், அந்தப் பக்கம் மாடி ஜன்னலில் இஸ்திரி போட்ட திரைச்சீலை. நாங்கள் சுற்றிக்கொண்டிருக்கும்போதே உள்ளே யாரோ டீ குடித்துக்கொண்டிருக்கலாம் என்று நினைத்ததும் எனக்குக் குரல் தானாகத் தணிந்துவிட்டது. 2007-இல் எலிசபெத் ஹர்லி என்ற நடிகை நம் நாட்டு அருண் நாயரை இங்கேதான் கல்யாணம் செய்துகொண்டாராம். பிறகு ஜோத்பூரிலும் ஒரு தடவை. அண்ணிக்கு இந்த வரலாறு மட்டும் விரல் நுனியில்.

நிஜமான வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரான்சோடு நடந்த நூறாண்டுப் போரில் சம்பாதித்த பணத்தில் ரால்ஃப் போட்லர் என்ற பிரபு 1443 வாக்கில் கட்டியது. நாலாம் எட்வர்டு ராஜா 1469-இல் அவரை விற்கவைத்துத் தானே எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ராஜா கைக்கும் பிரபுக்கள் கைக்குமாக மாறி மாறிப் போய், உள்நாட்டுப் போரில் முதலாம் சார்லஸ் ராஜா பக்கம் நின்றது. ஜெயித்தவர்கள் 1649-இல் இனி இது கோட்டையாகவே உதவக் கூடாது என்று சிதைத்துவிட்டார்கள். அதற்குப் பீரங்கி தேவையில்லை, பாப்பா. கூரையைப் பிரித்துப் போட்டால் போதும், மீதியை மழை பார்த்துக்கொள்ளும். ஏறக்குறைய இருநூறு வருடம் அப்படியே கிடந்திருக்கிறது. ஊர்க்காரர்கள் கல்லை உருவிக்கொண்டு போனார்கள். ஒரு மூலையில் சாராயக்கடைகூட நடந்ததாம்.

அப்புறம் 1837-இல் டென்ட் என்ற அண்ணன் தம்பி வாங்கினார்கள். வூஸ்டரில் கையுறை வியாபாரம் செய்து பணக்காரர்களானவர்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள், பிறகு வருகிறேன். அவர்கள் ஒரு பகுதியைக் குடியிருக்கிற மாதிரி எடுத்துக் கட்டினார்கள், விருந்து மண்டபத்தை இடிந்தபடியே விட்டுவிட்டார்கள். பிறகு அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த எம்மா டென்ட்தான் தோட்டத்துக்கு உயிர் கொடுத்தவர்.

தோட்டத்தைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. மூன்றாம் ரிச்சர்டு கட்டியதாகச் சொல்லும் அந்த விருந்து மண்டபத்தில் ஒரு பக்கச் சுவர் மட்டும் உயரமாக நிற்கிறது. ஜன்னல்களில் கண்ணாடி இல்லை, அந்தப் பக்கமும் வானம், இந்தப் பக்கமும் வானம். மாடித் தரை எப்போதோ விழுந்துவிட்டதால் கணப்படுப்பு மட்டும் அந்தரத்தில் தொங்குகிறது. சுவரில் ரோஜாக்கொடி ஏறிக்கிடக்கிறது. ராணிகள் தோட்டம் என்று தனியாக ஒன்று உண்டு. மதில் மாதிரி இரட்டை வரிசையாக வளர்த்த யூ மரவேலிக்குள்ளே எண்பதுக்கும் மேற்பட்ட ரக ரோஜா. எல்லாம் பழைய ரகம். நம் பூக்கடை ரோஜா மாதிரி விறைப்பாக நிற்காமல் இதழ் இதழாகக் கலைந்து கிடக்கிறது. குனிந்து மோந்தேன். ஆத்தா வீட்டுக் கிணற்றடிப் பன்னீர் ரோஜா வாசம் அப்படியே இருந்தது. பறிக்கவில்லை, சத்தியம். உதிர்ந்த இதழ் ஒன்றைப் பர்ஸில் போட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.

இன்னொரு தோட்டம், பார்த்ததும் நின்றுவிட்டேன். குட்டைச் செடிகளைக் கத்தரித்துக் கத்தரித்து, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வளைகிற மாதிரி வளர்த்திருக்கிறார்கள். முதலாம் எலிசபெத் ஒரு ஓவியத்தில் போட்டிருக்கும் கவுனின் பூவேலையைப் பார்த்துப் போட்ட வடிவமாம். எனக்கு அது சிக்குக் கோலமாகத்தான் தெரிந்தது. புள்ளி எத்தனை என்று எண்ணப் பார்த்து, மூன்று தரம் தப்பிப்போய் விட்டுவிட்டேன். குட்டிப் பயல் செடி மேலே தாண்டப் போய் அண்ணனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

சரி, இனிதான் விஷயம். தோட்டத்துக்குள்ளேயே செயின்ட் மேரி என்று ஒரு சின்ன மாதா கோவில். உள்ளே ஒரு ராணியின் கல்லறை, வெள்ளைச் சலவைக்கல்லில் கைகூப்பிப் படுத்திருக்கிற உருவம். கேத்தரின் பார். எட்டாம் ஹென்றி ராஜாவின் ஆறாவது மனைவி, ஹென்றியிடமிருந்து உயிரோடு தப்பியவள். தனியார் கோட்டை ஒன்றில் இங்கிலாந்து ராணி அடக்கமாகியிருப்பது இங்கே மட்டும்தானாம். ஹென்றி 1547 ஜனவரியில் இறந்தார். அந்த வருடமே அவள் தான் ஆசைப்பட்ட தாமஸ் சீமோரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அது நாலாவது கல்யாணம். முதல் மூன்றிலும் பிள்ளையில்லை. முப்பத்தாறு வயதில் முதல் கர்ப்பம். உங்கள் பாஷையில் எல்டர்லி பிரைமி, வயது கடந்து தலைப்பிரசவம். வயிற்றில் பிள்ளை உதைப்பதைப் பற்றிப் புருஷனுக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள், அதில் பிள்ளையைச் செல்லமாகப் பயல் என்கிறாள். 1548 ஆகஸ்ட் 30 அன்று இந்தக் கோட்டையில் பிரசவம். பிறந்தது பெண். மேரி என்று பெயர் வைத்தார்கள். செப்டம்பர் 5 அன்று தாய் இறந்துவிட்டாள்.

தேதியைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. உனக்கும் தெரிந்திருக்கும். பிரசவ ஜன்னி, பிள்ளை பெற்றபின் கிருமி தொற்றி வருகிற காய்ச்சல். கூட இருந்த தோழி ஒருத்தி பிறகு கொடுத்த வாக்குமூலம் இருக்கிறது. காய்ச்சல் தலைக்கேறி, புருஷன் கையைப் பிடித்துக்கொண்டே, என்னைச் சுற்றி இருப்பவர்களுக்கு என் மேல் அக்கறையில்லை, என் கஷ்டத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறாள். அவர் பக்கத்தில் படுத்துச் சமாதானம் செய்து பார்த்தாராம். அந்த ஆள் இன்னும் ஒன்றைப் பார்த்திருந்தார். அவருடைய சகோதரி ஜேன் சீமோர்தான் ஹென்றியின் மூன்றாவது மனைவி. 1537-இல் பிள்ளை பெற்றுப் பன்னிரண்டாம் நாள் போய்விட்டாள். ஹென்றியைப் பெற்றவளும் 1503-இல் பிரசவப் படுக்கையில் போனவள்தான். அரண்மனை, வைத்தியர், தாதிமார், எல்லாம் இருந்தும் இந்த மூன்று பேர்.

குடிசையில் பெற்றவளும் கோட்டையில் பெற்றவளும் ஒரே கையை நம்பித்தான் இருந்தார்கள். அந்தக் கையில் என்ன ஒட்டியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. 1795-இல் அபர்தீனில் அலெக்சாண்டர் கோர்டன் என்ற டாக்டர், இந்தக் காய்ச்சலை ஒரு தாயிடமிருந்து இன்னொரு தாய்க்குக் கொண்டுபோவது தாதிகளும் டாக்டர்களும்தான், நானும்தான் என்று எழுதினார். ஊர் அவரைச் சும்மா விடவில்லை, வெளியேற வேண்டியதாகிவிட்டது. 1847-இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர் குளோரின் தண்ணீரில் கை கழுவ வைத்தார். அதற்கு முந்தைய வருடம் நூற்றுக்குப் பதினொன்றாக இருந்த சாவு அடுத்த வருடம் ஒன்றேகாலுக்கு இறங்கியது. அவரையும் கிறுக்கன் என்றுதான் சொன்னார்கள். இதெல்லாம் நீ பரீட்சைக்குப் படித்தது. நான் உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

நான் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்த முதல் ஆஸ்பத்திரியில் கிளவுஸை ஒரு தரம் போட்டுத் தூக்கிப்போடுகிற வழக்கமில்லை. கழுவி, உள்ளே தண்ணீர் பிடித்து விரல் விரலாக அமுக்கிப் பார்த்து, ஓட்டையில்லாததைக் கொடியில் காயப்போட்டு, உள்ளும் புறமும் பவுடர் தட்டி, அளவுவாரியாக ஜோடி சேர்த்துத் துணியில் மடித்து டிரம்மில் அடுக்கி, நீராவியில் கிருமியைக் கொல்கிற ஆட்டோகிளேவுக்கு அனுப்புவோம். நைட்டில் அது என் வேலை. அன்றைக்குப் பதினாலு பிரசவம். விடியும் நேரத்துக்குக் கிளவுஸ் பற்றவில்லை. தண்ணீர் பிடித்துப் பார்க்க நேரமில்லாமல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மடித்தேன். அந்த வாரம் ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தது. தலைப்பிரசவம். நான் நெற்றியில் கை வைத்தால் தட்டிவிடுவாள். என் பிள்ளையைத் தூக்கிட்டுப் போக வந்திருக்கா என்று கத்துவாள். எட்டாம் நாள் முடிந்துவிட்டது. நான் மடித்த கிளவுஸ்தானா, வேறு எதாவதா, யாரும் கேட்கவில்லை, எனக்கும் தெரியாது. உன் அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை. சலவைக்கல் ராணி முன்னால் நிற்கும்போது எனக்கு அந்தப் பெண்ணின் மூக்குத்திதான் ஞாபகம் வந்தது. ஒரு கல் விழுந்துபோன மூக்குத்தி.

போன மாதம் நீ போனில் அழுதாய். கை கழுவாமல் அடுத்த பெட்டுக்குப் போன ஹவுஸ் சர்ஜனை எல்லார் முன்னாலும் திட்டினேன், இப்போது வார்டு முழுக்க என்னை ராட்சசி என்கிறது என்றாய். கொஞ்சம் அனுசரித்துப் போ, பெண்பிள்ளைக்கு இவ்வளவு வாய் ஆகாது என்று நான் சொன்னேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அன்றைக்குச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். திட்டு. நன்றாகவே திட்டு. வேண்டுமானால் பிறகு ஒரு டீ வாங்கிக் கொடு.

கையுறை என்றேனே, வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கை கழுவத் தெரியாத காலத்தில் ராணி செத்த கோட்டையைக் கையுறை விற்ற காசு வந்து மீட்டிருக்கிறது! அது சீமான்கள் போடுகிற தோல் கையுறை, நம்முடையது இல்லை. நம்முடையது அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் என்ற சர்ஜன் செய்யச் சொன்னது, 1889 வாக்கில். அதுவும் நோயாளிக்காக இல்லை. மருந்துத் தண்ணீரில் கையை விட்டு விட்டு அவருடைய தியேட்டர் நர்ஸுக்குத் தோல் வெந்துபோனதால் மெல்லிய ரப்பரில் செய்யச் சொன்னார். நோயாளிக்கும் நல்லது என்று பிறகுதான் கண்டுகொண்டார்கள். அந்த நர்ஸையே கல்யாணமும் செய்துகொண்டார். உன் வரன் பேச்சை நான் இங்கே எடுக்கவில்லை, பயப்படாதே.

அந்தக் குழந்தை மேரி என்ன ஆனாள் என்று கேட்பாய். ஏழு மாதக் குழந்தையாக இருக்கும்போது, 1549 மார்ச்சில், அப்பனை ராஜதுரோகம் என்று தலையை வெட்டிவிட்டார்கள். தாயின் தோழியான ஒரு சீமாட்டி வீட்டில் வளர்ந்தாள். இந்தப் பிள்ளையையும் அதன் ஆட்களையும் வைத்துச் சோறு போட எனக்குக் கட்டுப்படியாகவில்லை என்று அந்த அம்மாள் புலம்பி எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. 1550-க்குப் பிறகு குழந்தையைப் பற்றி ஒரு வரி இல்லை. தாயின் கல்லறையும் அப்படித் தொலைந்ததுதான். இடிந்த கோவிலுக்குள் ஈயப்பெட்டியாக 1782-இல் அகப்பட்டது. திறந்து பார்த்தவர்கள் உடம்பு கெடாமல் இருந்ததைப் பார்த்துவிட்டு, கூந்தலில் ஒரு கற்றையையும் துணியில் ஒரு துண்டையும் வெட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். அதற்குப் பிறகும் பலதரம் திறந்தார்கள். கடைசியில் எலும்புதான் மிஞ்சியது, ஐவிக்கொடி உள்ளே புகுந்து மண்டையோட்டில் கிரீடம் மாதிரி சுற்றியிருந்தது என்று ஒரு கதை சொல்கிறார்கள். இப்போதிருக்கும் சலவைக்கல் உருவம் டென்ட் குடும்பம் கோவிலைத் திருப்பிக் கட்டியபோது வைத்தது. அடக்கத்தின்போது பெற்ற பெண் இடத்தில் முன்னால் நடந்தது சுமார் பதினொரு வயது ஜேன் கிரே. இந்த வீட்டில் ராணியோடு இருந்த பிள்ளை. பின்னால் ஒன்பது நாள் ராணியாக இருந்து தலை போனவள் அவளேதான்.

வெளியே வரும் வழியில் கடை இருந்தது. உனக்கு லாவெண்டர் போட்ட கைக்கிரீம் ஒரு டியூப் வாங்கினேன். போனில் கையைக் காட்டினாயே, கழுவிக் கழுவி முட்டி முட்டியாக வெடித்திருந்தது. ஆகஸ்டில் வரும்போது கொண்டுவருகிறேன். அதுவரைக்கும் தேங்காயெண்ணெய் போதும், ஆனால் டியூட்டி முடிந்து வந்த பிறகு தடவு. போகும்போது தடவினால் எண்ணெய்ப்பசையில் கிளவுஸ் ரப்பர் இளகிவிடும்.

குட்டிப் பயல் அத்தைக்கென்று கோலத்தோட்டத்தைப் படம் போட்டிருக்கிறான், இதோடு வைக்கிறேன். பச்சை கிரேயான் தீர்ந்துபோனதால் பாதித் தோட்டம் நீலமாக இருக்கும்.

அன்புடன்,
அம்மா